மதிலுக்கு இப்பால் நின்று கிளை வெட்ட: நீளும் கம்பு ரம்பம், ஒரு மதிப்புரை

பக்கத்து வீட்டு மரத்தின் கிளைகள் மதிலைத் தாண்டி வந்து நம் கூரையில் உரசத் தொடங்கும்போது, ஏணியில் ஏறாமலும் அவர்கள் மனைக்குள் கால் வைக்காமலும் நம் தரையில் நின்றபடியே அவற்றை வெட்டுவதற்கென்று விற்கப்படும் கருவி நீளும் கம்பு ரம்பம். ஒன்றினுள் ஒன்று செருகிக்கொள்ளும் குழாய்களால் ஆன கம்பும், அதன் நுனியில் உள்நோக்கி வளைந்த ரம்ப அலகும் சேர்ந்ததுதான் மொத்த அமைப்பு. தொரட்டிக் கம்பைக் கையாண்டவர்கள் இதில் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. ஏறத்தாழ ஒரே வடிவில் பல நிறுவனங்கள் இதைத் தயாரிப்பதால், நான் வாங்கிப் பயன்படுத்திவருவதன் பெயரைவிட, இந்த வகைக் கருவியிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையே இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டுத் தடிமன் வரையிலான கிளைகளுக்கு இது அருமையான கருவி. ஆனால் அண்டை வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் இதைக் கையில் எடுத்தால் பாதி வேலைதான் நடக்கும். நடக்கும் அந்தப் பாதியும் மரத்துக்குக் கெடுதலாகவே முடியக்கூடும்.

என்னிடம் இருப்பது மூன்று அடுக்கு அலுமினியக் கம்பு. மடக்கினால் ஓர் ஆள் உயரம், முழுதாக நீட்டினால் 4 மீட்டர். குழாயின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருப்பது, வாங்கும்போது பலரும் கவனிக்காத, ஆனால் மிக முக்கியமான அம்சம். வட்டக் குழாயாக இருந்தால், ரம்பத்தை இழுக்க இழுக்க உள் அடுக்கு மெல்லச் சுழன்று, அலகு வெட்டிலிருந்து கோணலாகத் திரும்பிவிடும். முட்டை வடிவக் குழாய்க்குச் சுழல இடமே இல்லை. ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு பிடிமானங்கள் இருக்கின்றன. ஒன்று, துளைக்குள் ‘டக்’கென்று வந்து உட்காரும் உலோகப் பித்தான்; மற்றொன்று, அதற்குமேல் மடக்கி இறுக்கும் நெம்புப் பிடி. வெறுமனே திருகி இறுக்கும் வகையை வாங்க வேண்டாம் என்பேன். ரம்பம் அறுப்பதெல்லாம் இழுப்பில்தான் என்பதால், முழு விசையும் குழாய்களைப் பிரிக்கும் திசையிலேயே விழுகிறது. திருகுப் பிடி அந்த இழுவைக்கு மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும், வியர்த்த கையால் அதை மறுபடி இறுக்குவதும் எளிதன்று.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எட்டும் உயரத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. பெரும்பாலான விற்பனையாளர்கள் கம்பின் நீளத்தோடு நிற்பவரின் உயரத்தையும் தூக்கிய கையையும் சேர்த்து, கம்பைச் செங்குத்தாகப் பிடிப்பதாக வைத்துக்கொண்டே அந்த எண்ணைத் தருகிறார்கள். வெட்டும் கிளைக்கு நேர் கீழே நிற்பது ஆபத்து என்பதால், கம்பை எப்போதும் சாய்த்துத்தான் பிடிக்க வேண்டும். 4 மீட்டர் கம்பைத் தரையோடு 60 பாகைக் கோணத்தில் பிடித்தால் கிடைக்கும் உயரம் ஏறத்தாழ 3.5 மீட்டர், 45 பாகைக்குச் சாய்த்தால் 2.8 மீட்டர்தான். இதோடு நெஞ்சு உயரத்தைக் கூட்டிக்கொண்டு, வாங்குவதற்கு முன்பே மதிலருகே நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. எட்டாத கிளைக்காக நாற்காலிமேல் ஏறி நின்று இந்தக் கம்பை நீட்டுவது, ஏணியில் ஏறுவதைவிடவும் மோசமான யோசனை.

முழு நீளத்துக்கு நீட்டியதும் கருவியின் குணம் மாறிவிடுகிறது. இரண்டு அடுக்கு வரை கை சொன்னபடி கேட்கும் நுனி, மூன்றாவது அடுக்கையும் இழுத்ததும் தனக்கென்று ஒரு மனம் வந்ததுபோல ஆடத் தொடங்கும். கிளைமேல் அலகை வைத்து முதல் தடத்தைப் பதிப்பதுதான் கடினம். தடம் பதியும் முன் வேகமாக இழுத்தால், அலகு துள்ளிப் பக்கத்துக் கிளைமேல் போய் விழும். நான் கண்ட வழி இதுதான்: அலகின் அடிப்பக்கப் பற்களைக் கிளைமேல் சாத்தி, கம்பின் எடையையே அழுத்தமாகப் பயன்படுத்திக்கொண்டு, ஒரு சாண் அளவுக்கு மெதுவாக இழுத்து நிறுத்த வேண்டும், மேலே தள்ளும்போது எடையைத் தாங்கிக்கொண்டு, அலகைச் சும்மா வழுக்கவிட வேண்டும். நாலைந்து இழுப்பில் மரத்தூள் உதிரத் தொடங்கினால் தடம் பதிந்துவிட்டது என்று பொருள். அதன்பின் நீண்ட, நிதானமான இழுப்புகளே போதும். இந்தத் தூள் நேராக முகத்தில்தான் கொட்டும். பக்கங்களும் மூடிய கண்ணாடி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. அதைக் கருவியோடு சேர்த்துத் தராததை ஒரு குறையாகவே சொல்வேன். கழுத்து வலி இந்தக் கருவியோடு கூடவே வருவது. அண்ணாந்து பார்த்தபடி அறுக்கும் வேலையை இடையிடையே நிறுத்தி, தலையைக் குனிந்து இளைப்பாறித்தான் ஆக வேண்டும்.

அலகைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 33 செ.மீ. நீளம், நன்றாக வளைந்த உடல், ஒவ்வொரு பல்லும் மூன்று முகங்களாகத் தீட்டப்பட்டது. பச்சை மரத்தை இது அறுக்கும் வேகம் முதல்முறை பார்ப்பவர்களை வியக்க வைக்கும். காய்ந்த கிளையில் அந்த வேகம் பாதியாகிறது. அலகின் அடியில் கொக்கிபோல ஒரு நீட்டம் இருக்கிறது. அலகு வெட்டைவிட்டு நழுவிவிடாமல் தடுப்பதும், வெட்டுண்டு மற்ற மிலாறுகளில் சிக்கிக்கொண்ட கிளையைப் பிடித்து இறக்குவதும் அதன் வேலை. இரண்டாவது பயன் முதலாவதைவிடப் பெரிது, ஏனென்றால் அடர்ந்த மரத்தில் வெட்டிய கிளை பாதிக்குமேல் தானாகக் கீழே வராது. பற்கள் மின்தூண்டலால் முனையில் மட்டும் கடினமாக்கப்பட்டவை; அரம் போட்டுத் தீட்ட முடியாது. மழுங்கினால் அலகையே மாற்ற வேண்டும் என்பதால், மாற்று அலகு தனியாகக் கிடைக்கிறதா என்பதைக் கம்பு வாங்கும் அன்றே விசாரித்துவிட வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கம் நீண்டுவந்த கிளையை நாமே வெட்டலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. இங்கிலாந்துச் சட்டத்தில், 1895-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற லெம்மன் எதிர் வெப் வழக்கு முதலாக, மரத்துக்குரியவரின் நிலத்தில் நுழையாதவரை முன்னறிவிப்பு இன்றியே வெட்டலாம். ஜெர்மானிய உரிமையியல் சட்டத்தின் 910-ஆம் பிரிவோ, முதலில் உரிய அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. கிளையால் நம் நிலத்தின் பயன்பாட்டுக்கு இடையூறு ஏதும் இல்லையென்றால் வெட்டும் உரிமையும் இல்லை என்கிறது. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 673-ஆம் பிரிவின்படி எல்லை தாண்டிய வேரை நாமே வெட்டலாம், கிளையை வெட்ட மரத்துக்குரியவரைக் கட்டாயப்படுத்தத்தான் முடியும். ஜப்பானிலும் நெடுங்காலம் ஏறத்தாழ இதே நிலைதான். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, வெட்டச் சொல்லிக் கேட்டும் உரிய காலத்துக்குள் அவர் வெட்டாவிட்டால் நாமே வெட்டிக்கொள்ளலாம். எனவே கருவி கைக்கு வந்ததும் வெட்டத் தொடங்காமல், உங்கள் ஊர் விதி என்ன, அந்த மரம் பாதுகாக்கப்பட்ட மரங்களின் பட்டியலில் இருக்கிறதா, கிளையில் குஞ்சு பொரிக்கும் கூடு ஏதும் உண்டா என்பதையெல்லாம் முதலில் பார்த்துவிட வேண்டும்.

வெட்ட அனுமதிக்கும் சட்டங்களும் பெரும்பாலும் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகின்றன. இந்தக் கருவி அந்த வரம்புக்கென்றே செய்யப்பட்டதுபோலத் தோன்றுவதும் அதனால்தான்: நம் பக்கம் நின்று, நம் பக்கம் இருப்பதை மட்டும் வெட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் மதிலுக்கு நேர் மேலே, நூல் பிடித்ததுபோல வெட்டப்பட்ட கிளைதான் அடுத்த சில ஆண்டுகளுக்கு நமக்குத் தொல்லை தருகிறது. கிளை தண்டிலிருந்து பிறக்கும் இடத்தில் பட்டை சற்றே புடைத்து ஒரு வளையம்போல இருக்கும். அந்தப் புடைப்பை ஒட்டி, அதற்குச் சற்று வெளியே வெட்டினால், வளையத்திலிருந்து புதுத் திசு சுற்றிவந்து காயத்தை மூடிக்கொள்ளும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்து ஆராய்ந்து, மரம் நம் தோல்போலக் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை என்றும், சேதமுற்ற பகுதியைச் சுற்றித் தடுப்புகளை எழுப்பி அழுகலை உள்ளேயே அடைத்து வைக்கிறது என்றும் விளக்கினார். அந்த விளக்கம் 1977-இல் வெளிவந்தது. கிளையை நடுவில் வெட்டி ஒரு முழம் குச்சியாக விட்டுவிட்டால், மூடிக்கொள்ள வளையமும் இல்லை, அந்தக் குச்சிக்கு உணவூட்ட இலையும் இல்லை. அது காய்ந்து அழுகி அழுகலை உள்ளே கொண்டுபோகும். அல்லது வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் துளிர்விட்டு, முன்பு ஒரு கிளை இருந்த இடத்தில் பத்துக் கிளைகளாக மறுபடி மதிலைத் தாண்டி வரும். அந்தத் துளிர்கள் ஆழமாகப் பற்றியிராமல் மேற்பட்டையை ஒட்டியே வளர்வதால், தடித்த பிறகு காற்றில் எளிதாகப் பிய்ந்து விழுபவையும் அவைதாம்.

ஆக, நல்ல வெட்டு விழ வேண்டிய இடம் பெரும்பாலும் மதிலுக்கு அப்பால் இருக்கிறது. கம்பு அதுவரை எட்டும். உரிமை அதுவரை எட்டாது. நான் மரத்துக்காரரிடம் முன்னதாகவே பேசி, எந்தெந்தக் கிளை, எந்த இடம்வரை என்பதை இருவருமாகப் பார்த்து முடிவுசெய்த பின்புதான் வெட்டினேன். அதில் எதிர்பாராத வசதி ஒன்றும் கிடைத்தது. கம்பைப் பிடித்துக் கீழே நிற்பவருக்கு, நான்கு மீட்டர் தள்ளி அலகு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது சரியாகத் தெரிவதில்லை. கிளையே அதை மறைத்துவிடும். நான் இப்பால் நின்று கம்பை நீட்ட, அவர் அப்பால் விலகி நின்று, “இன்னும் ரெண்டு விரல் வெளியே எடுங்க, அடிமுண்டுல படுது” என்று சொல்லச் சொல்ல, அலகு புடைப்புக்கு வெளியே சரியாக அமர்ந்தது. இந்தக் கருவிக்கு உண்மையான துணைச்சாதனம் எதிர்ப்புறம் நிற்கும் அந்த இரண்டாவது ஆள்தான். சில வீடுகளில் இதுகூடத் தேவைப்படாது: கம்பை இரவல் கொடுத்தாலே போதும், மரத்துக்குரியவரே தன் பக்கம் நின்று முறையாக வெட்டித் தந்துவிடுவார்.

சம்மதம் கிடைக்காத இடத்திலோ, தண்டு மதிலிலிருந்து கம்புக்கு எட்டாத தொலைவில் இருக்கும் இடத்திலோ வேறு ஒரு வழி உண்டு. எல்லைக்கு இப்பால் உள்ள பகுதியில், வெட்டப்போகும் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும் பக்கக்கிளை ஒன்றைத் தேடி, அது பிரியும் கவட்டை ஒட்டி வெட்டுவதுதான் அது. பக்கக்கிளை கூரையைவிட்டு விலகும் திசையில் இருந்தால் இன்னும் நல்லது. மிச்சமிருக்கும் இலைகள் அந்தக் கிளைக்கு உணவூட்டிக்கொண்டிருப்பதால், கொத்துத் துளிர்ப்பு குறைவாக இருக்கும். அதுவும் ஒரேயடியாக அல்ல: ஒரு வளர்பருவத்தில் இலைப்பரப்பில் கால்வாசிக்குமேல் எடுக்கலாகாது என்பது மரப் பராமரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு, அதுவும் நலமான மரத்துக்கே. வெட்டுவாயில் தார், பெயிண்ட் எதுவும் பூச வேண்டியதில்லை. அது அழுகலைத் தடுப்பதில்லை.

தடித்த கிளையை ஒரே வெட்டில் மேலிருந்து அறுத்தால், பாதி அறுத்த நிலையில் அது தன் எடையால் முறிந்து, கீழ்ப்பட்டையைத் தண்டுவரை உரித்துக்கொண்டு போய்விடும். இதற்கு மூன்று வெட்டு முறை இருக்கிறது. புடைப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழ்ப்புறம் கால்வாசி ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, அதில் கிளை விழுந்துவிடும். எடை குறைந்து நிற்கும் குச்சியைப் புடைப்பை ஒட்டி எடுப்பது மூன்றாவது. சொல்ல எளிது, ஆனால் இழுப்பில் அறுக்கும் கம்பு ரம்பத்தால் கீழ்ப்புற வெட்டைப் போடுவதுதான் இந்தக் கருவியோடு செய்யும் வேலைகளிலேயே மிகவும் சலிப்பூட்டுவது, ஏனென்றால் கம்பின் எடை இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. சில வகைகளில் அலகின் தலைப்பக்கத்தில் சிறிய அரிவாள் முனை ஒன்று இருக்கும். கீழ்ப்பட்டையை அதனால் கீறிவிட்டால் உரிவது ஓரளவு நிற்கும். என்னுடையதில் அது இல்லை. மறுபடி வாங்குவதானால் அது இருப்பதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

எடை விஷயத்தையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 10 செ.மீ. தடிமனும் 3 மீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கிளை, தடிமன் சீராக இருப்பதாகக் கொண்டால், இலைகளையும் மிலாறுகளையும் சேர்க்காமலே 20 கிலோவை எட்டிவிடும். அப்படிப்பட்டதை நம் கூரை ஓட்டின்மேலோ அவர்கள் தொட்டிச்செடிகளின்மேலோ விழவிட முடியாது. முன்கூட்டியே கயிறு கட்டி இறக்க வேண்டும். மரத்தில் ஏறாமல் அந்த உயரத்தில் கயிறு கட்ட இந்தக் கருவி உதவாது என்பதால், அந்தத் தடிமனில் பயிற்சி பெற்ற மரம் வெட்டுநரைக் கூப்பிடுவதே முறை. விளம்பரத்தில் 15 செ.மீ. கிளையையும் அறுப்பதாகக் காட்டுவார்கள். அறுக்கும் என்பது உண்மைதான். அறுந்த பிறகு அது எங்கே போகும் என்பதை அந்தப் படத்தில் காட்டுவதில்லை.

மின்கம்பி அருகில் இருந்தால் பேச்சே இல்லை. நம் உடலும் கருவியும் கிளையும் விழும் வழியும் சேர்த்துக் கம்பியிலிருந்து 3 மீட்டராவது விலகி இருக்க வேண்டும். இல்லையென்றால் மின்வாரியத்துக்குச் சொல்லி அவர்களை வைத்துத்தான் வெட்ட வேண்டும். அலுமினியம் மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும். ஃபைபர்கிளாஸ் கம்பு பாதுகாப்பானது என்று விற்பனையாளர் சொன்னாலும், ஈரமும் பிசினும் அழுக்கும் படிந்த கம்பை மின்காப்பாக நம்பக் கூடாது. கம்பியில் சாய்ந்திருக்கும் பச்சைக் கிளையே மின்சாரத்தைக் கீழே கொண்டுவரப் போதுமானது.

கம்போடு கூடவே வந்த, நுனியில் மாட்டிக் கீழிருந்து கயிற்றை இழுத்து வெட்டும் கத்தரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், 2 செ.மீ. வரையிலான மிலாறுகளுக்கு அது ரம்பத்தைவிட வேகமானது. கப்பியில் ஓடும் கயிறு இலைகளுக்குள் சிக்கிக்கொள்ளும்போது மட்டும் பொறுமையைச் சோதிக்கும். ரம்பத்தைப் பயன்படுத்தும்போது அதைக் கழற்றி வைத்துவிடுங்கள், நுனியின் எடை கணிசமாகக் குறையும். பேட்டரியில் ஓடும் சங்கிலி ரம்பக் கம்பையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். தடித்த கிளைகளில் அது நொடிகளில் வேலையை முடிக்கிறது, ஆனால் எடை முழுதும் நுனியில் குவிந்திருப்பதால் கை விரைவில் சோர்கிறது. புடைப்பை ஒட்டி நுணுக்கமாக வெட்ட வேண்டிய இடத்தில் அந்த வேகமே பகையாகிறது. ஆண்டுக்கு ஒருமுறை மதிலோரம் ஒதுக்கிவிட மட்டும் தேவைப்படுபவருக்குக் கையால் இழுக்கும் வகையே போதும்.

வெட்டி விழுந்த கிளைகளைப் பற்றியும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. இங்கிலாந்து போன்ற இடங்களில், வெட்டப்பட்ட கிளையும் அதிலிருக்கும் காயும் கனியும் மரத்துக்குரியவருக்கே சொந்தம். அதற்காக, கேட்காமல் அவற்றை மதிலுக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் எறிந்துவிடலாம் என்று பொருளல்ல.

வேலை முடிந்ததும் அலகில் படிந்த பிசினை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் ஒரு சொட்டு எண்ணெய் தடவி உறையில் போட்டுவிட வேண்டும். நோயுற்ற கிளையை வெட்டியிருந்தால், அடுத்த மரத்தைத் தொடும் முன் ஆல்கஹால் கரைசலால் துடைப்பதும் அவசியம். கம்பின் உள் அடுக்குகளை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மடக்க வேண்டும். பிசினும் மரத்தூளும் சேர்ந்து குழாய்க்குள் இறுகிவிட்டால், அடுத்த முறை இரண்டாவது அடுக்கை வெளியே இழுக்கவே இருவர் தேவைப்படுவார்கள். அலகின் உறையைக் கம்போடு பிணைக்கும் வார் மெலிதானது, சீக்கிரம் அறுந்துவிடுகிறது. அதற்குப் பதிலாகத் தடித்த நாடா ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறேன், அது போதுமானதாக இருக்கிறது.